காட்டு ராஜா சாட்சிகள்

பேரளத்திலிருந்து காரைக்கால் பஸ்ஸில் வந்தால், அம்பகரத்தூர் வரும்போதே மாநிலம் மாறிவிடும். பத்ரகாளியம்மனைக் கும்பிட வருகிற வெளியூர்க்காரர்கள், "தஞ்சாவூர் சீமைக்குள்ள பாண்டிச்சேரி எப்படி சார் வந்துது?" என்று கேட்பார்கள். "ஒரு ராஜா வித்துட்டார்" என்பேன். "எந்த ராஜா?" என்று அடுத்த கேள்வி வந்தால்தான் சிக்கல்.

1736-லிருந்து 1739-க்குள் தஞ்சாவூர் மராட்டிய சிம்மாசனம் கை மாறிக்கொண்டே இருந்தது. துக்கோஜி இறந்தார், மகன் ஏகோஜி ஒரு வருஷம், அவர் மனைவி சுஜான்பாய் ஒரு வருஷம். 1738-ல் திடீரென்று ஒருவர் வந்து, "நான் சரபோஜி மகன் சாகுஜி" என்று உட்கார்ந்தார். காட்டில் மறைந்து வாழ்ந்தவர் என்பதால் ஜனங்கள் வைத்த பெயர், காட்டு ராஜா. அவர்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குக் காரைக்காலைத் தருவதாக ஒப்புக்கொண்டவர். விலை சுமார் 50,000 சக்கரம். மறு வருஷமே போலி என்று சொல்லி அவரை இறக்கிவிட்டு, பிரதாபசிங் ஏறினார்.

நிஜமா, போலியா? சாட்சிகளைக் கூப்பிடுவோம்.

முதல் சாட்சி, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கும் நீண்ட மராத்திக் கல்வெட்டு. ராணி பெற்ற பிள்ளையே இல்லை, எல்லாம் ஜோடிப்பு என்கிறது. கல்லில் எழுதியது பொய்யாகுமா? ஆகலாம். வெட்டியது 1803-ல், அறுபத்தைந்து வருஷம் கழித்து. வெட்டச் சொன்ன இரண்டாம் சரபோஜி, பிரதாபசிங் வம்சத்தின் வாரிசு. ஜெயித்தவர் வீட்டுச் சாட்சி.

இரண்டாவது, பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்கு அவர் அசல் ராஜாதான். வேறெப்படிச் சொல்வார்கள்? பத்திரம் செல்ல வேண்டுமே!

மூன்றாவது, இங்கிலீஷ்காரர்கள். 1749-ல் பதவியிழந்த சாகுஜி என்று ஒருவர் கடலூர் கோட்டைக்கு வந்து உதவி கேட்டார். தேவிக்கோட்டை தருகிறேன் என்றதும் அவர்தான் உண்மையான ராஜா என்று படை கிளம்பியது. இளம் கிளைவும் போனார். கோட்டை கிடைத்ததும் பிரதாபசிங்கோடு சமாதானம். "உண்மையான ராஜா"வுக்கு ஒரு சின்னப் பென்ஷன். ஆனால் இவர்கள் கணக்கில் சாகுஜி பிரதாபசிங்கின் சகோதரர். கல்வெட்டுச் சொல்லும் காட்டு ராஜாவோ சரபோஜி பெயரைச் சொல்லி வந்தவர். இரண்டும் ஒரே ஆள்தானா என்பதே புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.

படை போனபோது தஞ்சாவூரில் பெரிய மனிதர் ஒருவர்கூட சாகுஜி பக்கம் வந்து சேரவில்லை என்று அந்தக் கால இங்கிலீஷ் சரித்திரக்காரர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். தன் கட்சிக்கு எதிராகச் சொல்வதால் இந்தச் சாட்சியை நம்பலாம். ஆனால் அதிலிருந்து தெரிவது, அவர் தோற்றவர் என்பது மட்டும்தான். தோற்ற அசலுக்கும் யாரும் வரமாட்டார்கள்.

வங்காளத்தில் பாவல் ஜமீன் வழக்கு நடந்தது. 1909-ல் செத்துப்போனதாகச் சொன்ன குமார், பன்னிரண்டு வருஷம் கழித்து சந்நியாசியாக வந்து நின்றார். 1,500-க்கும் மேல் சாட்சிகள். உடம்புத் தழும்புவரை பார்த்தார்கள். 1936-ல் அவர்தான் குமார் என்று தீர்ப்பு. 1946-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே சொன்னது. அங்கே ஆள் கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணை நடந்தது. நம் காட்டு ராஜாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் சொன்னதாக மற்றவர்கள் சொன்னதுதான் மிச்சம்.

எனக்குப் பிடித்த சாட்சி பிரதாபசிங்தான். விற்றவர் போலி என்றால் விற்பனையும் செல்லாது என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. மேற்கொண்டு பணம் கேட்டார். வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டார். பிறகு கிராமங்கள் கூடிக்கொண்டே போய், 1760 வாக்கில் 81 ஆயின. ராஜாதான் போலி, பத்திரம் அசல்!

1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் யார் என்பது தீராவிட்டாலும், அவர் தொடங்கிவைத்த எல்லை தீர்ந்துபோகவில்லை. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி.