அறுநூறு பேர் வரும் நேரம்

இரவு 10.45. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் நான்காம் மாடி. பகலெல்லாம் டெவலப்பர்கள் புழங்கும் சோதனைச் சர்வர் இந்த நேரத்தில்தான் காலியாகக் கிடைக்கும். அதனால் பெர்ஃபாமன்ஸ் டெஸ்டிங் குழுவுக்கு இதுதான் வேலை தொடங்கும் வேளை. நான் போனபோது நான்கு பேர் இருந்தார்கள். குழுவை நடத்தும் பெண்ணை இளையவர்கள் ‘அக்கா’ என்றே கூப்பிடுகிறார்கள்.

திரையில், சுமைச் சோதனை மென்பொருளான லோட்ரன்னரின் கன்ட்ரோலர். ஒரு விற்பனைத் தளத்தில் நுழைந்து, பொருள் தேடி, பணம் கட்டுவது வரைக்கும் ஸ்கிரிப்ட் தயார். அதை ஓட்டப்போகும் 600 பேரும் மென்பொருள் உருவாக்கும் வி-யூசர்கள். அவர்கள் எப்போது வருவார்கள், எவ்வளவு நேரம் இருப்பார்கள், எப்படிக் கலைவார்கள் என்று அட்டவணை போடுவதில்தான் இவர்களின் கைத்திறன் தெரிகிறது.

“முப்பது செகண்டுக்கு இருபது பேர் போடுப்பா.”

பதினைந்து நிமிடத்தில் எல்லாரும் உள்ளே. ஒரு மணி நேரம் அதே கூட்டம். பிறகு வந்த வேகத்திலேயே வெளியேற்றம். படிப்படியாக ஏற்றினால்தான் எத்தனையாவது ஆளில் சர்வர் திணறியது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியும். இளைஞர் ஒருவர் முன்பு ஒரு சோதனையில் 500 பேரை ஒரே நொடியில் கிளப்பிவிட்டார். பதில் வரும் நேரம் எகிறியது. சர்வர் குழு இரண்டு நாள் பிழை தேடியது. கடைசியில் பார்த்தால், திணறியது வி-யூசர்களை உருவாக்கிய லோட் ஜெனரேட்டர் இயந்திரம்! இப்போது அவர் அந்த இயந்திரத்தின் சிபியுவைப் பார்க்காமல் எதையும் தொடங்குவதில்லை.

எல்லாக் கூட்டமும் படிப்படியாக வருவதில்லை. ஏசி அல்லாத வகுப்புகளுக்குத் தட்கல் முன்பதிவு காலை 11 மணிக்குத் திறக்கும்போது, காத்திருந்த விரல்கள் எல்லாம் ஒன்றாக அழுத்துகின்றன. அப்படிப்பட்ட தளத்துக்கு ‘ரெண்டெவூ’ வைப்பார்கள்: வி-யூசர்கள் ஓரிடத்தில் வந்து நின்று, ஒரே சமயத்தில் பாய்வார்கள்.

அக்கா அதிக நேரம் செலவிட்டது ‘திங்க் டைம்’ மீது. மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்தால் படிக்கிறார், யோசிக்கிறார். சர்வர் பதில் தர 2 விநாடி, ஆள் யோசிக்க 28 விநாடி என்றால் 600 பேரிடமிருந்து விநாடிக்கு 20 கோரிக்கைகள் வரும். யோசிக்கும் நேரத்தைச் சுழியமாக்கினால், சர்வர் அதே வேகத்தில் பதில் தரும்வரை, அது 300. ஆள் எண்ணிக்கை அதேதான். சுமை பதினைந்து மடங்கு.

கூட்டத்தைத் தாங்காத தளம் என்னவாகும் என்பதற்குப் புதிதாகச் சேர்பவர்களிடம் அவர் சொல்லும் உதாரணம் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ். 2013 அக்டோபர் 1 அன்று அது திறந்தது. அதற்குச் சில நாள் முன்பு, சில நூறு பேர் ஒரே நேரத்தில் நுழைவதுபோல் நடத்திய சோதனையிலேயே அது விழுந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். அங்கே காத்திருந்தவர்கள் சிகிச்சைக்கு வழி தேடியவர்கள். அதை நினைத்தபோதுதான் இந்தக் குழு ஒவ்வொரு விநாடிக்கும் ஏன் இப்படி வாதாடுகிறது என்று எனக்குப் புரிந்தது.

இரவு 12.30. கடைசி இருபது பேரும் வெளியேறிவிட்டார்கள். சிபியு கோடு தரைக்கு வந்துவிட்டது. மெமரி கோடு மட்டும் மேலேயே நின்றது.

“ஆளுங்க போயிட்டாங்க, செஷன் இன்னும் மூடல அக்கா.”

அக்கா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். இளைஞர் டிஃபெக்ட் படிவத்தைத் திறந்தார்.