நாளைக்கு என்று சொல்லாத தெரு

தேக்காவுக்குப் போயிருக்கிறீர்களா? சிங்கப்பூர் போய்வந்த தோட்டத்து மக்களில் தேக்காவைப் பார்க்காதவர் யார்! சிராங்கூன் ரோட்டில் புடவை, மளிகை, பூ என்று வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறோம். அடுத்த முறை அரை மணி நேரம் மிச்சம் பிடியுங்கள். மார்க்கெட்டை விட்டுப் புக்கிட் தீமா ரோட்டைக் கடந்து சிலிகி ரோட்டில் நடந்தால் சார்ட் ஸ்திரீட் வரும். பெயருக்கேற்ற குட்டைத் தெருதான். அங்கே தமிழ் மெதடிஸ்டு ஆலயம் இருக்கிறது.

அந்தத் தெருவில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லவே உங்களை இவ்வளவு தூரம் நடக்க வைத்தேன்.

1887 ஜூலை 16-ஆம் தேதி, சோபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி மிஷனரியாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். வயது முப்பதுகூட ஆகவில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதே தேவன் தமக்கு இட்ட வேலை என்று நம்பினார். கட்டடம் எழும்பட்டும், பணம் சேரட்டும், ஊர் பழகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஆகஸ்டு 15-ஆம் தேதி, அதாவது வந்து முப்பதே நாளில், இந்தத் தெருவில் ஒரு கடைவீட்டில் பள்ளியைத் திறந்துவிட்டார். வந்தவர்கள் ஒன்பது இந்தியச் சிறுமிகள். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அதற்குப் பெயர்.

அந்தச் சின்னப் பள்ளிதான் இன்று பேர்பெற்ற மெதடிஸ்டு பெண்கள் பள்ளி. 1992 முதல் அது புக்கிட் தீமா பக்கம் நடைபெறுகிறது. அந்தச் சாலைக்கே பிளாக்மோர் டிரைவ் என்று பெயர்!

இனி வேதாகமத்தில் ஒருவனைப் பாருங்கள். பேலிக்ஸ் என்ற தேசாதிபதி பவுலின் பேச்சைக் கேட்டு நடுங்கிப் போனான். ஆனால், நேரம் வரும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். பிறகு பலமுறை கூப்பிட்டுப் பேசவும் செய்தான். இரண்டு ஆண்டுகள் போயின. பேச்சு நடந்தது, மனம் திரும்பவில்லை. பவுலைச் சிறையிலேயே விட்டுவிட்டுப் பதவியிலிருந்து போய்விட்டான்.

நாமும் மாட்டேன் என்று தேவனிடம் சொல்வதில்லை. 'நாளைக்கு' என்றுதான் சொல்கிறோம். குடியை அடுத்த சம்பளத்தோடு விடுகிறேன், தம்பியோடு பேசுவதைப் பண்டிகைக்குப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளோடு ஜெபிக்க வேலை ஓயட்டும் என்கிறோம். பண்டிகை வருகிறது, தம்பி வீட்டு வாசலை மிதிக்க மட்டும் கால் வருவதில்லை.

பால் மரம் சீவியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறியபின் அதே கத்தி, அதே மரம். பால் மட்டும் குறைந்துபோகும். கீழ்ப்படிவதற்கும் விடியல் ஒன்று உண்டு. நெஞ்சு உறுத்துகிற அந்த நேரமே அது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். பிளாக்மோர் அம்மையாருக்கு ஓர் அறையும் ஒன்பது பிள்ளைகளும் போதுமாயிருந்தன. உங்களுக்கு இன்றிரவு ஐந்து நிமிட ஜெபம் போதும். தம்பி வீட்டுக்கு நாலு எட்டு நடந்தால் போதும்.

இந்தப் பக்கத்தை மூடிவைத்ததும் எழுந்திருங்கள். அடுத்த லயத்தில்தானே தம்பி இருக்கிறார்?