கைக்கு அடங்கும் குடை

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்து. பழைய வீடொன்றின் முன்கூடத்தில், உத்தரத்திலிருந்து இறங்கிய கயிற்றில் பெரிய குடைக்கூடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. துணி இன்னும் ஏறவில்லை. வெறும் மூங்கில் பிளாச்சுகள். அதன் அடியில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், ஒரு கண்ணை இடுக்கி மேலே பார்த்தபடி நின்றார். ஒரு பிளாச்சைத் தொட்டார். கத்தியால் இரண்டே சீவல். கூட்டை விரலால் தட்டிவிட்டு, அது ஆடி அடங்கும்வரை காத்திருந்தார்.

“இந்தப் பக்கம் இறங்குது தம்பி. கொஞ்சம் கனம் கூடிப் போனாலும் அது காட்டிக் கொடுத்துடும்” என்றார்.

நான் போனது ஆவணி மாதத்தில். பின்கட்டில் பிள்ளையார் சதுர்த்திக்கான காகிதக் குடைகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. முன்கூடத்தில் புரட்டாசிக்கான பட்டுக் குடைகள். இரண்டு வேலையும் ஒன்றை ஒன்று நெருக்கும் காலம் அது. பேச்சுக் கொடுத்தாலும் யார் கையும் நிற்கவில்லை.

சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். 1734இல் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். தறிச் சத்தம் என்றோ ஓய்ந்துவிட்டது. துணியோடு உறவுள்ள ஒரு தொழில் மட்டும் சில வீடுகளில் மிச்சம் இருக்கிறது: கோயில்களுக்குத் திருக்குடை செய்வது.

சென்னைவாசிகளுக்குக் குடை என்றதும் நினைவுக்கு வருவது திருப்பதிக் குடைதான். பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, யானைகவுனி தாண்டி, அயனாவரம், வில்லிவாக்கம், திருமுல்லைவாயல், திருவள்ளூர் வழியாகத் திருச்சானூர் போய், பிரம்மோற்சவக் கருட சேவைக்கு முன் திருமலை சேரும். குடை கவுனி தாண்டுவதைப் பார்க்க வால்டாக்ஸ் சாலையில் நிற்கும் கூட்டத்தில் சிறுவயதில் நானும் அப்பாவின் தோளில் இருந்திருக்கிறேன். அன்று பட்டும் குஞ்சமும் மட்டுமே கண்ணில் பட்டன. உள்ளே ஒரு கூடு இருப்பதே தெரியாது.

அந்தக் கூட்டில்தான் முழுத் தொழிலும் இருக்கிறது. முற்றின மூங்கிலைத் தண்ணீரில் ஊறப் போட்டு, அதிலுள்ள மாவுச்சத்தைப் போக்கி, நிழலில் காய வைக்கிறார்கள். மாவு நின்றால் பூச்சி துளைக்கும். வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். பிறகு பிளந்து, நடுவில் தடிமனாகவும் ஓரத்துக்குப் போகப் போக மெலிதாகவும் சீவுகிறார்கள். பிளாச்சுகளை உச்சியில் கூட்டிக் கட்டி, வளையம் ஏற்றி, கயிற்றில் தொங்கவிட்டுச் சமம் பார்க்கிறார்கள். அதன் பின்தான் காடாத் துணி. ஒட்டும் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தது, பூச்சி அண்டாமல் இருக்க. அதன்மேல் வெண்பட்டு, ஜரிகைக் கரை, ஜாலர், குஞ்சம், உச்சியில் கலசம்.

குஞ்சம் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அட்டைத் துண்டில் பட்டு நூலைச் சுற்றுகிறார். உதடு அசையாமல் எண்ணுகிறார். மேல்முனையில் முடிச்சு, கீழ்முனையில் ஒரே வெட்டு. உள்ளங்கையில் வைத்து உருட்டி, தூக்கிப் பார்த்து, பக்கத்தில் வைக்கிறார். ஒரு குஞ்சம் பருத்துவிட்டது. சட்டென்று பிரித்துப் போட்டார். “இத்தனூண்டுதானேம்மா?” என்றேன். “சுத்தி எத்தினி தொங்குது பாரு கண்ணு. எல்லாம் சேர்ந்தா, பிடிக்கிறவன் மணிக்கட்டுல போய் உக்காரும்” என்றார்.

பிடிக்கிறவன். அன்று முழுவதும் அந்த வீட்டில் அதிகம் கேட்ட சொல் இதுதான். சுவாமிக்கு இருபுறமும் இரட்டைக் குடை பிடிப்பவர்கள் சும்மா நிற்பதில்லை. நாகசுரத்துக்கும் மேளத்துக்கும் ஏற்பக் குடையைச் சுழற்றுகிறார்கள், குலுக்குகிறார்கள், எதிர்க்காற்றில் சாய்த்து மீட்கிறார்கள். ஜோடிக் குடைகள் ஒரே கனமாக இல்லாவிட்டால் அந்த ஆட்டம் சேராது. காஞ்சி வரதரின் குடையழகு என்று ஊரெல்லாம் சொல்வது வெறும் பட்டின் பளபளப்பை அல்ல என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

பெரியவர் முடிந்த குடை ஒன்றை என் கையில் கொடுத்தார். என் உயரத்தை மிஞ்சிய குடை. தோள் இறங்கப் போகிறது என்று பல்லைக் கடித்தேன். அது நேராக நின்றது. காம்பை லேசாக உருட்டியதும் ஜாலர் அலையாக விரிந்து அடங்கியது. “இப்ப நீங்க பிடிக்கல, அதுவே நிக்குது” என்றார்.

எங்கள் ஊர்க் கோயிலுக்குச் சில வருடங்களுக்கு முன் வாங்கிய குடை நினைவுக்கு வந்தது. இரும்புக் குழாய்க் காம்பு, பளபளக்கும் நைலான் துணி, விலையும் மலிவு. ஒரு தெரு போவதற்குள் மூன்று பேர் கை மாற்றினார்கள். யாரும் அதைச் சுழற்றவில்லை. பிடித்தவர்களைக் குறை சொன்னோம், அது தவறு. இந்தக் கூடத்தில் அப்படிப்பட்ட மலிவுக் குடைகளைப் பற்றி ஒரு வருத்தம் இருக்கிறது. வருகிறவர்கள் ஜிகினாவைத்தான் கேட்கிறார்களாம், கனத்தைக் கேட்பவர் அரிது. சமம் பார்க்கப் போகும் அரை நாளுக்குத் தனிக் கூலி கிடையாது. பெரியவரின் மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பேரன் ஒருவன் மட்டும் விடுமுறை நாளில் வந்து பிளாச்சு சீவுகிறான்.

கிளம்பும்போது வீட்டுப் பூஜைக்கான சாண் உயரக் குடைகளைக் காட்டினார்கள். தவழும் கிருஷ்ணருக்கு, சாளக்கிராமத்துக்கு, உற்சவர் விக்கிரகங்களுக்கு. ஈர்க்குச்சி மொத்தத்தில்தான் பிளாச்சு. அதையும் பெரியவர் ஒரு நூலில் கட்டித் தூக்கிப் பார்த்தார். இதை யார் சுழற்றப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “அடியில சாமி இருக்காரில்ல?”

ஒன்று வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது.

உங்கள் ஊர்க் கோயிலில் துணி கிழிந்த பழைய குடை எங்காவது சாத்தியிருந்தால், தூக்கி எறியுமுன் கூட்டைத் தட்டிப் பாருங்கள். மூங்கிலைப் பூச்சி அரிக்காமல் இருந்தால் துணியை மட்டும் மாற்றித் தருகிறார்கள். திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பாகக் கொண்டுபோங்கள். பேசிய கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.