சிதம்பர ரகசியம் 42

"எங்க தாத்தா விட்டதெல்லாம் டூப்புடா!"

கடலூரிலிருந்து சிதம்பரம் போயிருந்தபோது, கீழவீதி நண்பன் ஒரு போட்டோவை நீட்டினான். ஜெர்மன் லூகர் பிஸ்டல். அசலை எப்போதோ போலீஸில் ஒப்படைத்தாகிவிட்டது.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்துக்காரர். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன்காரனிடம் பறித்ததாகச் சொல்வாராம். காயம்பட்டு ஊர் திரும்பியது 1941-ல். பிஸ்டல் முதுகிலோ 'எஸ்/42' முத்திரை.

"42-ல செஞ்சதை 41-ல எப்படிப் பறிச்சாராம்?"

நியாயமான கேள்வி. ஆனால் 42 வருஷமே இல்லை சார்! மவுசர் கம்பெனியின் ரகசிய எண். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் ஆயுதத் தயாரிப்புக்கு வெர்சாய் ஒப்பந்தம் கடிவாளம் போட்டிருந்தது. அதனால்தான் இந்த பினாமி பெயர். 1934-க்கு 'கே', 1935-க்கு 'ஜி' என்று வருஷத்தைக்கூட ஒளித்தார்கள். அப்புறம் துணிச்சல் வந்து, தோட்டா அறையின் மேலேயே முழு வருஷத்தையும் பொறித்தார்கள்.

என் பூதக்கண்ணாடியை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம். தேய்ந்துபோன 1938!

பறித்தார் என்பதற்கு இது சாட்சியில்லைதான். ஆனால் டூப்பு என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போச்சு.

நண்பன் வெகுநேரம் பேசவில்லை. "அப்பாகிட்ட காட்டணும்டா" என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.