உம்றாவுக்குப் போகிற குடும்பங்களுக்கு: பெட்டி கட்டுவதற்கு முன் ஊசி



டிசம்பர் விடுமுறை நெருங்கினால் பாடசாலையில் எங்கள் மேசைகளுக்கு லீவுக் கடிதங்கள் வரத் தொடங்கும். "உம்மா வாப்பாவோட உம்றாவுக்குப் போறம் சேர், ஒரு கிழமை பிந்தித்தான் வருவம்" என்று பிள்ளைகள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அல்ஹம்துலில்லாஹ். முன்பெல்லாம் ஊரில் ஓரிருவர் போன பயணத்துக்கு இப்போது கைக்குழந்தை முதல் மூத்தம்மா வரை குடும்பமாகப் போகிறோம். அப்பா, மூத்தம்மாவுடைய சீனி வருத்தமும் பிரஷரும் நம்மோடு சேர்ந்தே விமானம் ஏறுகின்றன.

இஹ்ராம் துணி, பயண பெல்ட், துஆக் கிதாப் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே வாங்கி வைக்கிறோம். ஊசியை மட்டும் கடைசிக் கிழமைக்குத் தள்ளிவிடுகிறோம். இதைப் பற்றி ஆசிரியர்களான நாங்கள் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

சவூதி அரசாங்கம் கேட்பது மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. ஏ, சி, டபிள்யூ, வை என்ற நான்கு வகைக் கிருமிகளுக்கும் எதிரானது. ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வேண்டும். அங்கே போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே அடித்திருக்க வேண்டும். இந்த 10 நாள் கணக்கு வீண் சட்டம் அல்ல. ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வருவதில்லை, உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்க அவ்வளவு நாள் வேண்டும். புதிய வகை ஊசி என்றால் 5 வருடங்களுக்கும், பழைய வகை என்றால் 3 வருடங்களுக்கும் செல்லும். எந்த வகை என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

"பாடசாலையில்தான் பிள்ளைக்கு எல்லா ஊசியும் அடிச்சாச்சே" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நம் நாட்டின் வழமையான தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி இல்லை. பயணத்துக்கென்று தனியாகத்தான் போட வேண்டும். பொரளையில் எம்.ஆர்.ஐ. என்று நாம் சொல்லும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பயணிகளுக்கான தடுப்பூசிப் பிரிவு இருக்கிறது. தூரத்து ஊர்க்காரர்கள் போகுமுன் அழைத்து, நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1987 ஹஜ்ஜின்போது இந்த நோய் ஹாஜிகளிடையே பரவியது. 2000ஆம் ஆண்டு டபிள்யூ வகைக் கிருமி பரவி, ஹாஜிகளும் அவர்களுடைய வீட்டாருமாகப் பல நாடுகளில் 400க்கு மேற்பட்டோர் நோயாளியானார்கள். அதன் பிறகுதான் நான்கு வகைக்குமான ஊசி கட்டாயமானது. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024இல் உம்றாவோடு தொடர்புள்ள 12 நோயாளிகள் அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அவர்களில் 9 பேருடைய ஊசி விபரம் தெரிந்திருந்தது. அந்த 9 பேரில் ஒருவர்கூட ஊசி போட்டிருக்கவில்லை. இன்னும் கவலையான விடயம், 12 பேரில் இருவர் உம்றாவுக்கே போகாதவர்கள். போய்வந்தவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள்.

இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். ஊசி போடாமலே அட்டையை மட்டும் எடுத்துத் தருகிற முகவர்கள் இருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபடுகிறது. "சும்மா ஒரு பேப்பர்தானே ஹாஜியார்" என்பார்களாம். அந்த அட்டை விமான நிலையத்தைக் கடக்க உதவலாம். கிருமிக்கு அட்டை வாசிக்கத் தெரியாது. சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் அளவில் உயிரை எடுக்கிற நோய் இது. தப்புகிறவர்களிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகிறது. பொய்ச் சாட்சியத்தோடு இபாதத்துக்குப் புறப்படுவதா என்ற கேள்வியை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறோம். ஆனால் திரும்பி வந்து ஸம்ஸமும் பேரீச்சம்பழமும் கொடுக்கிற வீட்டில் தொட்டில் பிள்ளையும் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் யார் அனுமதி கேட்டது?

ஊசி ஹலாலா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தோனேசிய உலமாக்கள் 2010இல் இதை ஆராய்ந்து, சந்தையில் இருந்தவற்றில் ஹலால் என்று கண்ட ஊசிகளை அறிவித்தார்கள். ஆகவே பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நம்பகமான ஆலிமிடமும் வைத்தியரிடமும் விசாரியுங்கள். வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு பத்வா ஆகாது.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்பதும் உண்மைதான். ஆனால் உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுப் படையோடு திரும்பி வந்த வரலாற்றை நாம் ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? அவர்களைவிடத் தவக்குல் கூடியவர்களா நாம்?

ஊசியோடு வேலை முடியாது. ஸஃயு மட்டும் ஏறக்குறைய 3 கிலோமீற்றர். தவாஃப் வேறு, ஹோட்டலுக்கும் ஹரமுக்கும் நடப்பது வேறு. ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே சுபஹுக்குப் பின் நடந்து பழகுங்கள். சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். வெளியே கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு நடந்தால் சுட்டது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். செருப்பைக் கையோடு ஒரு பையில் வைத்திருங்கள். இரவில் ஒருவர் காலை மற்றவர் பார்த்துவிடுங்கள்.

குளிசைகளையும் இன்சுலினையும் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். கிளினிக் கொப்பியின் பிரதியும் வைத்தியரின் கடிதமும் கூடவே இருக்கட்டும். நரம்பு வலிக்கு நம்மவர்கள் போடுகிற பிரிகாபலின், கடும் வலிக்கான டிரமடோல் போன்றவை சவூதியில் கட்டுப்பாட்டுக்குள் உள்ள மருந்துகள். பக்கத்து வீட்டு ராத்தாவுக்காக யாருடைய குளிசையையும் காவிப் போகாதீர்கள். மாதவிடாயைப் பிற்போடக் குளிசை எடுக்க நினைக்கும் சகோதரிகள் பார்மசியில் கேட்டு வாங்காமல் வைத்தியரிடம் பேசுங்கள். சிலருக்கு அது இரத்தக் கட்டியை உண்டாக்கலாம்.

வெயிலைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் மௌத்தானார்கள் என்று சவூதி அரசாங்கமே அறிவித்தது. பெரும்பாலானோர் அனுமதிப் பத்திரம் இல்லாமல், கூடாரமும் வாகனமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். உம்றாவுக்கு நாளையும் நேரத்தையும் நாமே தெரிவு செய்யலாம். வயதானவர்களை இஷாவுக்குப் பிறகு தவாஃபுக்குக் கூட்டிப் போங்கள். தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். தலைமுடி களைய ஒரு புது பிளேட் மட்டுமே பாவிக்கச் சொல்லுங்கள், ஈரல் அழற்சி இரத்தத்தால் பரவும். காய்ச்சாத ஒட்டகப் பாலைக் குடிக்க வேண்டாம்.

ஊர் திரும்பி இரண்டு கிழமைக்குள் கடும் காய்ச்சலோடு தலையிடி, கழுத்து விறைப்பு, வாந்தி, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் வந்தால் விடியும்வரை காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "மக்காவிலிருந்து வந்தோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பயணம் சொல்ல வருகிறவர்களிடம் நாம் துஆவை மட்டும் கேட்கிறோம். இனி "ஊசி அடிச்சாச்சா, எத்தனை நாளாச்சு?" என்றும் கேட்போம். போகிற எல்லோருடைய உம்றாவையும் அல்லாஹ் கபூல் செய்து, எல்லோரையும் சுகமாகத் திருப்பிக் கொண்டு வரட்டும். ஆமீன்.

உங்கள் குடும்பக் குழுமத்தில் பகிர்ந்துவிடுங்கள்.