தாயின் கட்டச் சேலை

திருவேங்கடத்தில் நான் பிறந்த வீட்டின் முற்றம் பங்குனி, சித்திரை மாதங்களில் வெண்மையாக இருக்கும். கரிசல் நிலத்தில் வானம் பார்த்து விளைந்த கருங்கண்ணிப் பருத்தி அங்கே குவிந்து கிடக்கும். "இந்தப் பருத்தி எங்கெங்கோ போய், ஒருநாள் சேலையாகி நம் வீட்டுக்கே திரும்பி வரும்" என்று என் தாயார் கூறுவார்.

ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்பு, அவர் எங்களைச் சங்கரன்கோவில் நெசவாளர் தெருவுக்கு அழைத்துச் செல்வார். தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குள்ளே குழித்தறியில் அமர்ந்து ஒருவர் மிதிபலகையை மிதிக்க, நாடா இடமும் வலமும் பறக்கும். திண்ணையில் பெண்கள் தார் சுற்றுவார்கள். அந்த வீட்டில் என் தாயார் வாங்கிய சேலைகளுள் ஒன்று, நீலக் கட்டம் போட்டுச் செந்நிறக் கரை வைத்தது. விலையைக் கேட்பார், முந்தானையில் முடிந்த பணத்தை எடுத்து எண்ணிக் கொடுப்பார். பேரம் பேசி நான் கண்டதில்லை.

2012ஆம் ஆண்டில் என் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. உறவினருக்குக் கொடுக்க முப்பது சேலைகள் வேண்டியிருந்தன. பழைய நினைவில் அதே வீட்டுக்குச் சென்றேன். தந்தையின் தறியில் மகன் அமர்ந்திருந்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டதும், "கடைத்தெருவில் இதில் பாதிக்குக் கிடைக்கிறதே!" என்றேன்.

"அக்கா, அது விசைத்தறிச் சேலை. இந்தச் சேலை ஒன்றுக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர் உழைக்க வேண்டும்" என்றார் அவர்.

நான் எழுந்து வந்துவிட்டேன். முப்பது சேலைகளையும் கடையில் வாங்கினேன். மிச்சம் பிடித்த தொகையைக் கணவரிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு என் சித்தியின் மகள் விடுமுறையில் வந்திருந்தாள். அவள் துறவற சபையில் சேர்ந்து, நைஜீரியா நாட்டில் மருத்துவத் தாதியாகப் பணியாற்றுபவள். என் தையல் இயந்திரத்தின்மேல் தூசு படியாதிருக்க நான் போர்த்தியிருந்த துணியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். அது என் தாயாரின் கட்டச் சேலை.

"அக்கா, இப்படிப்பட்ட துணியை அங்கே பெட்டியில் பூட்டிக் காப்பாற்றுகிறார்கள்" என்றாள்.

நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களைப் பற்றி அவள் கூறியவை எனக்குப் பெருவியப்பை அளித்தன. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காடும் சென்னையும் சார்ந்த கடற்கரையிலிருந்து, நம் நெசவாளர் நெய்த கட்டத் துணிகள் ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றன. கலபாரி மக்கள் அத்துணியை 'இஞ்சிரி' என அழைக்கின்றனர். குழந்தை பிறந்தால் அது வேண்டும். பெரியவர் இறந்தால், உடலைக் கிடத்தும் அறையை அலங்கரிக்கவும் குடும்பத்துப் பழந்துணிகள் வேண்டும். அப்பெண்கள் துணியில் சில இழைகளை மட்டும் கூரிய கத்தியால் அறுத்து உருவி, புதிய கோலங்களை உண்டாக்குகிறார்கள். நாம் நெய்ததை அவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடல் கடந்தோர் பெட்டியில் பூட்டிக் காப்பதை, நெய்தவரின் அண்டை ஊரில் பிறந்த நான் தூசு தட்டும் துணியாக்கிவிட்டேனே என்று மனம் குறுகிற்று.

ஒரு கலை பிறரோடு கலந்தால் அழிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நம் தறியிலே பறக்கும் விசைநாடாவோ, 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கண்டுபிடித்தது. அதை ஏற்றுக்கொண்டதால் நம் நெசவு கெடவில்லை. கொடுப்பதாலும் கொள்வதாலும் நெசவு வளர்ந்தே வந்திருக்கிறது. உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்காதபோதுதான் தறி நிற்கிறது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985இல் சட்டமே இயற்றப்பட்டது. எனினும் 2009-10 கணக்கெடுப்பில் நாடெங்கும் 43 இலட்சத்துக்கு மேலிருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20இல் 35 இலட்சமாகக் குறைந்தனர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள்.

அந்த வாரமே சங்கரன்கோவிலுக்குச் சென்றேன். அவ்வீட்டில் தறி இல்லை. குழியை மூடிச் சிமெண்டு பூசியிருந்தார்கள். விசைத்தறிக் கூடத்து வேலை முடிந்து வந்த அவர், என்னை அடையாளம் கண்டு வரவேற்றுத் தேநீர் தந்தார். நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் மட்டுமா அக்கா? நீங்கள் கேட்ட விலையைத்தான் எல்லாரும் கேட்டார்கள்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை விட்டு இன்றும் நீங்கவில்லை.

மூடிய குழியை என்னால் திறக்க இயலாது. தாயாரின் சேலையை மென்மையாகத் துவைத்து, நிழலில் உலர்த்தி மடித்து வைத்தேன். 2014இல் என் பேத்திக்குத் திருமுழுக்கு நடந்தபோது, அவளை அச்சேலையில் பொதிந்தே ஆலயத்துக்கு ஏந்திச் சென்றேன். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கைத்தறி முத்திரை பார்த்து ஒரு சேலையேனும் வாங்குகிறேன். சொன்ன விலையை எண்ணிக் கொடுக்கிறேன்.

அன்புள்ள தாய்மாரே, முப்பது சேலை வேண்டாம். திருமணத்துக்கு ஒன்றாவது தறியிலிருந்து வரட்டும். அதை வாங்கும்போது, உங்கள் மகளையும் உடன் அழைத்துச் சென்று, ஓடும் தறியின் அருகே சற்று நேரம் நிற்க வையுங்கள்.