பினாங்குத் துறையில் ஒரு பகற்பொழுது

கப்பற் பிரயாணத்திலே கடல் தரும் கவலை சிறிது. கரை தரும் கவலையே பெரிது. சிறு பிள்ளைகளை உடன்கொண்டு சென்றவர்கள் இதனை நன்கு அறிவர். கடலில் இருக்கும்வரை உணவு வேளைக்கு வருகிறது. படுக்கை பத்தடி தூரத்தில் இருக்கிறது. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு மேற்றளத்துக்குச் சென்று காற்று வாங்கலாம். கப்பல் துறையை அடைந்து கயிறு கட்டிய பின்னரே பெற்றோருக்குப் பரபரப்பு உண்டாகிறது. ஓர் ஊரை ஒரே பகலிற் பார்த்து முடித்துவிட வேண்டுமென்ற ஆசை ஒருபுறம். மாலையிற் கப்பல் நம்மை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே, எதனையும் பொருட்படுத்தாது நடுவீதியில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றும் இரண்டு வயதுக் குழந்தை.

2024ஆம் ஆண்டுப் பாடசாலை விடுமுறையில் நாம் சிங்கப்பூரிலே கப்பலேறி, மலாக்கா நீரிணை வழியே கிள்ளான், பினாங்கு, புக்கெட் என்னும் மூன்று துறைகளுக்குச் சென்று மீண்டோம். எம்முடன் ஐந்து வயது மகனும், இரண்டு வயது மகளும், அவர்களுடைய அம்மம்மாவும் வந்தனர். அம்மம்மாவுக்கு அப்பொழுது வயது 77. வழியில் மூன்று துறைகள் இருப்பினும் எமது எண்ணமெல்லாம் பினாங்கின்மேலேயே இருந்தது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

மூன்று துறைகளிலும் இறங்கியே தீரவேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. கிள்ளானில் இறங்குவோர் பெரும்பாலும் கோலாலம்பூர் பார்க்கச் செல்வர். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல், வீதி நெருக்கடி வேறு. குழந்தைகளை மோட்டார் வாகனத்தில் இருத்தி இத்தனை நேரம் வாட்டுவதற்கு நாம் உடன்படவில்லை. பெரியவர்கள் எல்லாரும் கரைக்குப் போய்விட்ட கப்பல் பிள்ளைகளுக்குச் சுவர்க்கம். விளையாட்டறை வெறிச்சோடிக் கிடக்கும். உணவுச்சாலையிற் காத்திருக்க வேண்டியதில்லை. (பாம்பர்ஸ் அணியும் குழந்தைகளைப் பல கப்பல்களிற் பெரிய நீச்சற்குளத்தில் இறங்க விடுவதில்லை, அவர்களுக்கென நீர் விளையாட்டிடம் தனியே உண்டா என்பதைச் சீட்டு எடுக்கும்போதே விசாரித்தல் நலம்.) புக்கெட்டிலோ கப்பல் கரையை அணுகாது நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றது. சிறு படகில் ஏறிக் கரைசேர வேண்டும். ஒரு கையிற் குழந்தையும் மறு கையில் மடித்த தள்ளுவண்டியுமாக, அலையில் ஏறியிறங்கும் படகினுட் காலடி வைப்பது எளிதன்று. இறங்குதுறையில் அணையும் கப்பலா, நங்கூரமிடும் கப்பலா என்பது அட்டவணையிற் சிறு எழுத்தில் இருக்கும். பெற்றோர் முதலிற் பார்க்கவேண்டியது அதுவே.

பினாங்கிலே இத்தொல்லை இல்லை. சுவெட்டன்ஹாம் இறங்குதுறை ஜோர்ஜ் டவுன் நகரத்தின் வாசற்படி போன்றது. துறைமுக வாயிலைத் தாண்டியதும் மணிக்கூட்டுக் கோபுரம், அப்பால் கோட்டை, இன்னுஞ் சிறிது நடந்தால் தமிழ்க் கடைத்தெரு. வாகனமே தேவையில்லை.

ஆயினும் கணக்குப் பார்த்தே இறங்கினோம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் என்று அறிவித்திருந்தார்கள். பத்து மணி நேரம் என்று மகிழ்வது பிழை. பிரயாணிகள் யாவரும் 5 மணிக்கு முன் ஏறிவிட வேண்டும். சிறு பிள்ளைகளுள்ளவர்கள் அதற்கும் ஒரு மணி முன்னதாக வந்துவிடுவதே மனத்துக்கு அமைதி. காலையில் இறங்குவோர் வரிசை கலைய ஒன்றரை மணி ஆகும். பகல் உறக்கத்துக்கு இரண்டு மணியைக் கழித்தால், எஞ்சுவது நான்கரை மணி நேரமே. அதிலும் பினாங்கு நேரம் நமது நாட்டு நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 8 மணி; எமது பிள்ளைகளின் உடம்புக்கோ அது விடியற்காலை ஐந்தரை. நாட்கள் சில கழிந்தும் அவர்கள் அதனை விட்டுக்கொடுக்கவில்லை. எழுப்பினால் சிணுங்கல், எழுப்பாவிட்டால் தாமதம்!

நேரத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. கப்பல் தன் கடிகாரத்தின்படியே நடக்கும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பிந்தியது. கைத்தொலைபேசி கரையின் நேரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கப்பலின் கடிகாரம் மாறினாலும் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். எனவே, கப்பல் நேரத்துக்கு வைத்த பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கையிற் கட்டிக்கொள்வது மேல். கப்பற் கம்பெனியார் தாமே நடத்தும் சுற்றுலாவிற் சென்றவர்கள் பிந்தினால் கப்பல் பெரும்பாலுங் காத்திருக்கும். தம் போக்கிற் சென்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கப்பலில் நாள்தோறுந் தரும் பத்திரிகையில் அத்துறையின் கப்பல் முகவரது தொலைபேசி எண் இருக்கும். அதனை எழுதி எடுத்துச் செல்லவேண்டும். தண்ணீர், தொப்பி, மாற்றுடை ஒன்று, குடை, பிஸ்கட். இவற்றுக்கு மேல் மூட்டை வேண்டாம். கப்பலிலிருந்து பழங்களையும் சமைத்த உணவையும் கரைக்குக் கொண்டுபோகப் பல நாடுகளிலே தடை உண்டு.

இனி, பினாங்கின்மேல் எமக்கிருந்த பற்றுக்குக் காரணம் கூறுவோம். யாழ்ப்பாணத்தாருக்கு அது புதிய பெயரன்று. மலாயாவில் ஆங்கிலேயர் புகையிரதப் பாதை போட்ட காலந்தொட்டு நம்மவர் பலர் அங்கே கிளாக்கர்மாராகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் உத்தியோகம் பார்த்தனர். மலாயாப் பென்சனிற் கட்டிய கல்வீடுகள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அம்மம்மாவின் தந்தையாரும் அவ்வாறு சென்றவர். அம்மம்மா 1947இல் அங்கே பிறந்து, ஆறு வயதில் ஊர் திரும்பியவர். அதன்பின் அந்த மண்ணை மிதிக்கவில்லை. தகப்பனார் வேலை செய்த கந்தோரை ஒரு முறை பார்க்கவேண்டும் என்பதொன்றே அவருடைய விருப்பம். ஒரு பகல், நான்கரை மணி நேரம், இரு குழந்தைகள், ஒரு மூதாட்டியின் எழுபது ஆண்டு ஆசை. பினாங்கு மலைக்குச் செல்லும் ரயிலையும், 1884இல் அமைத்த பூந்தோட்டத்தையும் பட்டியலிலிருந்து தயங்காமல் வெட்டிவிட்டோம். மலை ரயிலுக்கு நீண்ட வரிசை. தோட்டத்திலோ குரங்குகள், பிஸ்கட் ஏந்திய குழந்தையைக் கண்டால் சும்மா விடுபவை அல்ல.

ஒன்பதரைக்கு இறங்கினோம். முதலில் எதிர்ப்பட்டது மணிக்கூட்டுக் கோபுரம். விக்டோரியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சியைக் கொண்டாட, 1897இல் சியா சென் இயோக் என்னும் சீனத் தனவந்தர் கொடையளித்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். கட்டி முடிந்தது 1902இல். மகாராணியார் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். இரண்டாம் உலக யுத்தத்திற் குண்டு விழுந்த அதிர்ச்சியால் கோபுரம் சிறிது சாய்ந்து நிற்கிறது என்பர். இதனைக் கண்டுபிடித்தவன் மகனே. “அப்பா, மணிக்கூடு சரிஞ்சு நிக்குது” என்று கூவினான்.

கோர்ன்வாலிஸ் கோட்டை பக்கத்திலேயே உள்ளது. 1786இல் பிரான்சிஸ் லைட் என்பவர் இத்தீவில் இறங்கிய இடம் அது. காட்டை வெட்டத் தொழிலாளர் பின்வாங்கியபோது, பீரங்கியில் வெள்ளி நாணயங்களை இட்டுக் காட்டுக்குட் சுட்டாராம். காசு பொறுக்கும் ஆசையில் காடு வெளியாயிற்றாம். கதைதான், ஆனால் ஐந்து வயதுப் பையனுக்கு வரலாற்று நூல் அனைத்தினும் அது போதும். கடலை நோக்கிய பீரங்கிகளுள் 1603இல் ஒல்லாந்தர் வார்த்த ஸ்ரீ ரம்பாய் என்பதும் ஒன்று. பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் அதன் வாயில் மலர் வைத்து வணங்குவார்களாம். பிள்ளைப்பேறு பெற்றவர்கள் என்ன வைத்து வேண்டவேண்டும் என்று எமக்குள் கேட்டுச் சிரித்துக்கொண்டோம். அவ்வேளை சின்னவள் புல்லைத் தின்றுகொண்டிருந்தாள்.

கடற்கரை வீதியால் தெற்கே நடந்தோம். பழைய கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகள் நிழலானவை. ஆனால் கடைக்குக் கடை உயரம் மாறும். மோட்டார் சைக்கிள்கள் வேறு வழியை மறித்து நின்றன. தள்ளுவண்டியைப் பத்தடிக்கொருமுறை தூக்கி வைக்கவேண்டியிருந்தது. இந்த ஆட்டத்திலேயே சின்னவள் உறங்கிப்போனாள்.

அந்த உறக்கம் எமக்குப் பெரும் உபகாரமாயிற்று. சீனா வீதி கடலைச் சந்திக்குமிடத்தில், உச்சியில் மணிக்கூட்டுடன் வெள்ளை வெளேரென ஒரு பெருங்கட்டடம் நிற்கிறது. 1907இல் புகையிரதப் பகுதியார் கட்டியது. இந்நாளிற் சுங்கக் கந்தோர். தண்டவாளமில்லாத புகையிரத நிலையம் என்று இதனை வேடிக்கையாகக் கூறுவர். புகையிரதப் பாதை எதிர்க்கரையிலுள்ள பிறை என்னும் ஊரிலே முடிந்தது. பிரயாணிகள் இக்கட்டடத்திற் சீட்டு வாங்கிக்கொண்டு, படகேறி அக்கரை சென்று வண்டி பிடித்தனர். அம்மம்மா வீதியின் மறுபக்க நிழலில் நின்று வெகுநேரம் பார்த்தார். உள்ளே போகும் எண்ணம் அவருக்கு இல்லை. “மணிக்கூடு அப்பிடியே இருக்கு. படிதான் சின்னனாப் போச்சு” என்றார். பிறகு ஒரு சன்னலைக் காட்டினார். பிறகு அதுவல்ல, அடுத்தது என்றார். அரை மணி நேரம் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. குழந்தை விழித்திருந்தால் ஐந்து நிமிடமும் கிடைத்திராது.

கோயில்கள் நண்பகலில் நடை சாத்துவது வழக்கமாதலால் குயின் வீதிக்கு விரைந்தோம். அங்குள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. வணங்கி வெளிவந்து, சந்தை வீதியருகே ஓர் உணவுக்கடையில் அமர்ந்தோம். தமிழ்ப் பெயர்ப்பலகை, தமிழ்ப் பேச்சு, பிள்ளைகளுக்குப் பழகிய இட்டலி. சின்னவள் விழித்தெழுந்து ஒன்றரை இட்டலி தின்றதை அன்றைய பெருஞ்சாதனையாகக் குறித்துக்கொண்டோம்.

பன்னிரண்டரைக்குப் பின் அவள் பொறுமை முடிந்துவிட்டது. குடும்பம் முழுவதும் நாள் முழுவதும் ஒன்றாகவே திரிய வேண்டும் என்பது எந்த ஊர்ச் சட்டம்? எம்மில் ஒருவர் அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார். மற்றவர் அம்மம்மாவுடனும் மகனுடனும், அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு எதிரிலுள்ள துறையில் அக்கரைப் படகேறினார். கப்பலால் வந்தவர்கள் மீண்டும் படகேறுவது விநோதமே. ஏறக்குறையக் கால் மணி நேரத்திற் பட்டர்வொர்த் வந்தது. இப்போது புகையிரத நிலையம் அங்கேயே, துறைக்கு அருகில் இருக்கிறது. மேம்பாலத்தில் நின்று மகன் வண்டிகளை எண்ணினான். பிறை அங்கிருந்து அதிக தூரமில்லை. வாடகைக் கார் பிடிக்கலாமா என்று கேட்டபோது, அம்மம்மா கப்பலின் நேரத்தை விசாரித்தார். ஒன்றே முக்கால் என்றோம். சற்று யோசித்தார்.

“வேண்டாம் தம்பி. கப்பல் போயிட்டுதெண்டால் நானும் அப்பாவைப்போல இஞ்சை உத்தியோகம் பாக்க வேண்டி வரும்.”

திரும்பும் படகில் தென்திசை நோக்கியே இருந்தார். மூன்று மணிக்கெல்லாம் கப்பலில் இருந்தோம். சின்னவள் இன்னும் உறங்கிக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்திற் பெருமழை பிடித்துக்கொண்டது. கரையில் நின்றவர்கள் நனைந்து ஓடிவருவதை மேற்றளத்திலிருந்து பார்த்தோம்.

இரவு உணவின்போது மகன், தண்டவாளம் இல்லாவிட்டால் அது எப்படி ஸ்டேஷன் ஆகும் என்று வழக்குரைக்கத் தொடங்கினான். அம்மம்மா உப்புக்குப்பியைக் கட்டடமாகவும், தண்ணீர்க் குவளையைக் கடலாகவும், முள்ளுக்கரண்டிகளைப் பிறைப் பக்கத்துத் தண்டவாளமாகவும் வைத்து விளக்கினார். “அப்ப உங்கட அப்பா எங்க நிண்டவர்?” என்று கேட்டான். அவர் உப்புக்குப்பிக்கு அருகில் ஒரு பாண் துணுக்கை வைத்தார். சின்னவள் எட்டி அதனை எடுத்து வாயிற் போட்டுக்கொண்டாள்.